இயேசுவின் இறப்பும் உயிர்ப்பும் நிகழ்ந்த காலம்

இயேசுவின் இறப்பும் உயிர்ப்பும் நிகழ்ந்த காலம் என்பது, நாசரேத்து இயேசு சிலுவையில் இறந்ததும் மீண்டும் உயிர்த்தெழுந்ததுமாகக் கிறித்தவ மரபு கூறும் நாள், மணி, மாதம், ஆண்டு ஆகியவை பற்றிய செய்திகளையும் விவாதங்களையும் குறிக்கும். இயேசு வெள்ளிக்கிழமை இறந்தார் என்பதும், வாரத்தின் முதல் நாளாகிய ஞாயிறன்று விடியற்காலையில் அவரது கல்லறை வெறுமையாகக் காணப்பட்டது என்பதும் பெரும்பான்மையான கிறித்தவத் திருச்சபைகள் ஏற்கும் மரபு ஆகும். ஆயினும் அந்த வெள்ளிக்கிழமை யூத நாட்காட்டியில் எந்தத் தேதியில் விழுந்தது, அவர் எத்தனை மணிக்குச் சிலுவையில் அறையப்பட்டார், அது எந்த ஆண்டு என்பவை குறித்து நற்செய்தி நூல்களிலேயே வேறுபட்ட குறிப்புகள் உள்ளன.

இவ்வேறுபாடுகள் வெறும் கணக்குச் சிக்கல்களாக நின்றுவிடவில்லை. உயிர்ப்பு விழாவை எந்த நாளில் கொண்டாடுவது என்னும் கேள்வி 2ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபையைப் பிளவின் விளிம்பு வரை கொண்டு சென்றது. கீழை மரபுத் திருச்சபைகளும் மேலை மரபுத் திருச்சபைகளும் பெரும்பாலான ஆண்டுகளில் இவ்விழாவை வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டாடுவதும் இதன் தொடர்ச்சியே ஆகும்.

நாளைக் கணக்கிடும் முறை

நற்செய்திகள் தரும் காலக் குறிப்புகளைப் புரிந்துகொள்வதற்கு, முதல் நூற்றாண்டு யூதர்கள் காலத்தைக் கணக்கிட்ட முறையை அறிதல் வேண்டும்.

* யூதர்களின் நாள் கதிரவன் மறையும் வேளையில் தொடங்கி, மறுநாள் கதிரவன் மறையும்போது முடிவுறும். எனவே ஓய்வுநாள் எனப்படும் சனிக்கிழமை, வெள்ளிக்கிழமை மாலையிலேயே தொடங்கிவிடும்.
* கதிரவன் தோன்றுவது முதல் மறைவது வரையுள்ள பகற்பொழுது 12 மணிகளாகப் பகுக்கப்பட்டது. இதன்படி மூன்றாம் மணி என்பது ஏறத்தாழ காலை 9 மணியும், ஆறாம் மணி என்பது நண்பகலும், ஒன்பதாம் மணி என்பது பிற்பகல் 3 மணியும் ஆகும்.
* மாதங்கள் நிலவின் பிறையைக் கண்டு தொடங்கப்பட்டன. நிசான் மாதம் இளவேனிற்காலத்தில் வருவது. அதன் 14ஆம் நாள் பிற்பகலில் எருசலேம் கோவிலில் பாஸ்கா ஆடுகள் வெட்டப்பட்டன. அன்று மாலை, அதாவது 15ஆம் நாள் தொடங்கியதும், பாஸ்கா உணவு உண்ணப்பட்டது.
* பன்னிரு நிலவு மாதங்கள் கொண்ட ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாள்களே உள்ளன. இளவேனிற்கால விழா பருவம் தவறாதிருக்கச் சில ஆண்டுகளில் ஒரு மாதம் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது.

இறந்த கிழமை

இயேசு ஓய்வுநாளுக்கு முந்தைய ஆயத்த நாளில் இறந்தார் என்பதில் நான்கு நற்செய்திகளும் ஒன்றுபடுகின்றன. தூக்கிலிடப்பட்டவரின் உடல் இரவில் மரத்தில் தொங்கலாகாது என்று இணைச்சட்ட நூல் (உபாகமம்) விதிக்கிறது. ஓய்வுநாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே அரிமத்தியா ஊர் யோசேப்பு கதிரவன் மறைவதற்கு முன்பே உடலை அடக்கம் செய்தார் என்று நற்செய்திகள் கூறுகின்றன. இயேசு அவ்வளவு விரைவில் இறந்துவிட்டதைக் கேட்டு ஆளுநர் பொந்தியு பிலாத்து வியப்புற்றார் என்று மாற்கு குறிப்பிடுகிறார். ஓய்வுநாளுக்கு முன் உடல்களை அகற்றுவதற்காக, உடன் அறையப்பட்ட இருவரின் கால்களைப் படைவீரர் முறித்தனர் என்று யோவான் எழுதுகிறார்.

விவிலியத்திற்கு வெளியேயும் இம்மரபு தொடக்க காலத்திலேயே காணப்படுகிறது. 'திதாக்கே' எனப்படும் பழங்கிறித்தவக் கையேடு, புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் நோன்பிருக்குமாறு பணிக்கிறது. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் உரோமைப் பேரரசருக்கு விண்ணப்பம் எழுதிய யுஸ்தின், சனிக்கு முந்தைய நாளில் இயேசு அறையப்பட்டதையும் சனிக்கு அடுத்த நாளில் உயிர்த்தெழுந்ததையும் குறிப்பிட்டு, கிறித்தவர் ஞாயிறன்று ஒன்றுகூடுவதற்கு அதனைக் காரணமாகக் காட்டுகிறார்.

மூன்றாம் நாள்

வெள்ளி பிற்பகலிலிருந்து ஞாயிறு விடியற்காலை வரை நாற்பது மணி நேரத்திற்கும் குறைவாகவே உள்ளது. அப்படியிருக்க அது எவ்வாறு மூன்று நாள் ஆகும் என்னும் வினா பழங்காலம் முதல் எழுப்பப்பட்டு வருகிறது.

யூதர்களும் உரோமையர்களும் நாள்களை எண்ணும்போது தொடக்க நாளையும் இறுதி நாளையும் சேர்த்தே எண்ணினர். அதன்படி வெள்ளி முதல் நாள், சனி இரண்டாம் நாள், ஞாயிறு மூன்றாம் நாள் ஆகும். ஞாயிறன்று எம்மாவு என்னும் ஊருக்குச் சென்ற இரு சீடர்கள், அன்றைய நாளையே மூன்றாம் நாள் என்று கூறுவதாக லூக்கா எழுதுகிறார். எஸ்தர் நூலில், மூன்று நாள் இரவும் பகலும் நோன்பிருக்குமாறு யூதர்களைக் கேட்டுக்கொண்ட அரசி, மூன்றாம் நாளிலேயே அரசன்முன் செல்கிறாள். நாளின் ஒரு பகுதியை முழு நாளாகக் கொள்ளலாம் என்னும் கருத்து, எலயாசர் பென் அசரியா என்னும் யூத அறிஞரின் பெயரால் எருசலேம் தால்மூதிலும் பதிவாகியுள்ளது.

மத்தேயு நற்செய்தியில் ஓரிடத்தில், யோனா மீனின் வயிற்றில் இருந்ததுபோல மானிட மகனும் மூன்று பகலும் மூன்று இரவும் நிலத்தின் உள்ளே இருப்பார் என்னும் கருத்து வருகிறது. வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் இடையே இரு இரவுகளே இருப்பதால், சிலர் வேறு கிழமைகளை முன்வைத்தனர். ஆங்கிலேய அறிஞர் வெஸ்ட்கொட் வியாழனை ஆதரித்தார். 20ஆம் நூற்றாண்டில் எர்பர்ட் ஆம்ஸ்ட்ராங் நிறுவிய சபை, இயேசு புதன்கிழமை இறந்து சனிக்கிழமை மாலையில் உயிர்த்தார் என்று கற்பித்தது. இக்கருத்துகளைப் பெரும்பாலான அறிஞர்களும் திருச்சபைகளும் ஏற்பதில்லை. அதே மத்தேயு நற்செய்தி பிற இடங்களில் மூன்றாம் நாள் என்றே கூறுவதால், மேற்கண்ட தொடரை மணிக்கணக்காகக் கொள்ளாமல் வழக்குத் தொடராகக் கொள்வதே பொருந்தும் என்பது அவர்களின் விளக்கம்.

மூன்றாம் நாள் என்னும் தொடர் நற்செய்தி நூல்களை விடவும் பழைமையானது. ஏறத்தாழ கி.பி. 54இல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பவுல், தாம் முன்னரே பெற்றுக்கொண்ட போதனையாக இதனைக் குறிப்பிடுகிறார். இது மறைநூலின்படி நிகழ்ந்தது என்றும் அவர் சேர்த்துக் கூறுவதால், ஓசேயா நூலில் மூன்றாம் நாளில் எழுப்பப்படுதல் பற்றி வரும் பகுதியோடு தொடக்கக் கிறித்தவர் இதனை இணைத்துப் பார்த்தனர் எனப் பலர் கருதுகின்றனர்.

இறப்பு நிகழ்ந்த மணி

இயேசு மூன்றாம் மணியில் சிலுவையில் அறையப்பட்டார் என்று மாற்கு எழுதுகிறார். ஆறாம் மணி முதல் ஒன்பதாம் மணி வரை இருள் சூழ்ந்தது என்றும், ஒன்பதாம் மணி அளவில் இயேசு உயிர் நீத்தார் என்றும் முதல் மூன்று நற்செய்திகளும் கூறுகின்றன. யோவான் நற்செய்தியிலோ, ஏறக்குறைய ஆறாம் மணிக்குத்தான் பிலாத்து தீர்ப்பு வழங்குகிறார். மாற்கின்படி அந்நேரத்தில் இயேசு சிலுவையில் மூன்று மணி நேரம் தொங்கியிருந்திருப்பார்.

இம்முரண்பாட்டிற்குப் பல விளக்கங்கள் தரப்பட்டுள்ளன.

* கிரேக்க எண்களாகப் பயன்பட்ட எழுத்துகளில் மூன்றைக் குறிப்பதும் ஆறைக் குறிப்பதும் வடிவில் ஒத்திருந்தமையால், படியெடுத்தோர் பிழை செய்திருக்கலாம் என்பது பழங்கால விளக்கம்.
* யோவான் நள்ளிரவிலிருந்து மணியை எண்ணியிருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம். ஆயினும் உரோமையரும் அன்றாட வழக்கில் பகல் மணியைக் கதிரவன் தோன்றியதிலிருந்தே எண்ணியதால் இதற்கு ஆதரவு குறைவு.
* கடிகாரம் இல்லாத காலத்தில் பகற்பொழுது மூன்று மூன்று மணிகளாகத் தோராயமாகவே குறிக்கப்பட்டது என்பதால், முற்பகலின் நடுவே நிகழ்ந்ததை ஒருவர் மூன்றாம் மணி என்றும் மற்றொருவர் ஆறாம் மணி என்றும் கூறியிருக்கலாம் என்போரும் உளர்.
* யோவான் மணியைக் குறித்ததற்கு இறையியல் நோக்கம் உண்டு என்பது தற்கால அறிஞர் பலரின் கருத்து. பாஸ்கா ஆடுகளை வெட்டும் பிற்பகல் நெருங்கும் வேளையில் இயேசு தீர்ப்பிடப்படுவதை அவர் காட்ட விரும்பினார் என்பர்.

நண்பகலில் சூழ்ந்த இருள் கதிரவ மறைப்பாக இருக்கலாம் என்று தல்லுஸ் என்னும் வரலாற்றாசிரியர் விளக்கியதாகவும், அது பொருந்தாது என்று தாம் மறுப்பதாகவும் 3ஆம் நூற்றாண்டில் யூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் எழுதினார். பாஸ்கா விழா முழுநிலவை ஒட்டி வருவது. கதிரவ மறைப்போ அமாவாசையன்று மட்டுமே நிகழக்கூடியது. எனவே அவரது மறுப்பு வானியல்படி சரியானதாகும்.

நிசான் 14-ஆ, 15-ஆ?

மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் இயேசு தம் சீடரோடு உண்ட இறுதி இராவுணவைப் பாஸ்கா உணவாகவே காட்டுகின்றனர். அவ்வாறாயின் வியாழன் மாலையில் நிசான் 15 தொடங்கிவிட்டது. இயேசு இறந்த வெள்ளியும் நிசான் 15 ஆகும். யோவான் நற்செய்தியின்படியோ, வெள்ளி காலையில் பிலாத்துவிடம் வந்த யூதத் தலைவர்கள் இனிமேல்தான் பாஸ்கா உணவை உண்ண வேண்டியிருந்தது. ஆகவே இயேசு இறந்தது நிசான் 14, அதாவது கோவிலில் ஆடுகள் வெட்டப்பட்ட அதே பிற்பகல் ஆகிறது. பாஸ்கா ஆடுகள் ஒன்பதாம் மணி முதல் பதினோராம் மணி வரை வெட்டப்பட்டன என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு (யோசேப்பசு) எழுதியுள்ளார்.

கிழமை ஒன்றே, தேதி மட்டுமே வேறு. எனினும் இந்த ஒரு நாள் வேறுபாட்டில் இயேசுவின் இறப்பின் பொருளே அடங்கியுள்ளது. முதல் மூவரின்படி இயேசு பாஸ்கா உணவுக்குத் தலைமை தாங்கி அதற்குப் புதுப்பொருள் தருகிறார். யோவானின்படி இயேசுவே பாஸ்கா ஆடாக இறக்கிறார். கிறித்துவைப் பாஸ்கா ஆடு என்று பவுலும் குறிப்பிட்டுள்ளார்.

இரு மரபுகளையும் இணைக்க முயன்றோரில் பிரெஞ்சு அறிஞர் ஆனி சோபேர் குறிப்பிடத்தக்கவர். கும்ரான் சுவடிகளிலும் யூபிலி நூலிலும் காணப்படும் 364 நாள் நாட்காட்டியின்படி இயேசு செவ்வாய் மாலையிலேயே பாஸ்கா உணவை உண்டார் என்று அவர் 1957இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். செருமானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாசு, இறுதி இராவுணவு பாஸ்கா உணவே என்று நிறுவ முயன்றார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007ஆம் ஆண்டு பெரிய வியாழன் மறையுரையில் கும்ரான் நாட்காட்டிக் கருத்தைச் சாதகமாகக் குறிப்பிட்டார். பின்னர் 2011இல் வெளியான தம் நூலில் அதனைக் கைவிட்டு, யோவானின் கால வரிசையே வரலாற்றுக்கு நெருக்கமானது என்னும் முடிவை ஏற்றார்.

இவ்வேறுபாடு வழிபாட்டிலும் எதிரொலித்தது. கிரேக்க மரபுத் திருச்சபைகள் நற்கருணைக்குப் புளித்த அப்பத்தையும், இலத்தீன் திருச்சபை புளியாத அப்பத்தையும் பயன்படுத்துகின்றன. இறுதி இராவுணவு பாஸ்காவுக்கு முன் நடந்ததென்றால் அப்பம் புளித்ததாக இருந்திருக்கும். பாஸ்கா உணவே என்றால் புளியாததாக இருந்திருக்கும். 1054ஆம் ஆண்டு உரோமைக்கும் கான்ஸ்தாந்திநோபிளுக்கும் இடையே ஏற்பட்ட பிளவின்போது எழுந்த பூசல்களுள் இந்த அப்பம் பற்றியதும் ஒன்று. 1439இல் புளோரன்சு பொதுச்சங்கம் இருவகை அப்பமும் செல்லும் என்று அறிவித்தது.

இறந்த ஆண்டு

நற்செய்திகள் இயேசு இறந்த ஆண்டை நேரடியாகக் கூறவில்லை. பின்வரும் குறிப்புகளைக் கொண்டு அது ஊகிக்கப்படுகிறது.

* பொந்தியு பிலாத்து யூதேயாவை கி.பி. 26 முதல் 36 வரை ஆண்டார். திபேரியு பேரரசர் காலத்தில் பிலாத்துவால் கிறித்து கொல்லப்பட்டதை உரோமை வரலாற்றாசிரியர் தாசித்துவும் குறிப்பிடுகிறார்.
* திபேரியுவின் ஆட்சியின் பதினைந்தாம் ஆண்டில் திருமுழுக்கு யோவான் போதிக்கத் தொடங்கினார் என்கிறார் லூக்கா. இது கி.பி. 28 அல்லது 29 ஆகும் என்பது பொதுவான கணிப்பு.
* யோவான் நற்செய்தி இயேசுவின் பணிக்காலத்தில் மூன்று பாஸ்கா விழாக்களைக் குறிப்பிடுகிறது.
* பவுல் கொரிந்து நகரில் இருந்தபோது கல்லியோ ஆளுநராக இருந்தார். தெல்பியில் கிடைத்த கல்வெட்டின் துணையால் அக்காலம் கி.பி. 51–52 என அறியப்படுகிறது. அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் பவுலின் மனமாற்றம் 30களின் நடுப்பகுதிக்கு முன்னோ அதனை ஒட்டியோ அமைகிறது.

பிலாத்துவின் ஆட்சிக்காலத்தில் நிசான் 14 வெள்ளிக்கிழமையில் வந்திருக்கக்கூடிய ஆண்டுகளை வானியல் கணக்கின் மூலம் தேடியபோது, இரு நாள்கள் முதன்மை பெற்றன. அவை கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3 ஆகியவை (இரண்டும் யூலியன் நாட்காட்டிப்படி). இவ்விரண்டில் ஒன்றையே பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கின்றனர்.

இக்கணக்கில் ஈடுபட்டவர்களுள் ஐசாக் நியூட்டனும் ஒருவர். அவர் இறந்தபின் 1733இல் வெளியான நூலில் கி.பி. 34 ஏப்ரல் 23 என்னும் நாள் ஆதரிக்கப்பட்டுள்ளது. கொலின் அம்பிரீசு, வாடிங்டன் ஆகிய ஆங்கிலேய அறிவியலாளர்கள் 1983இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில் கி.பி. 33 ஏப்ரல் 3ஐ முன்வைத்தனர். அன்று மாலை பகுதி நிலவு மறைப்பு ஒன்று நிகழ்ந்ததை அவர்கள் சான்றாகக் காட்டினர். எருசலேமில் அது கண்ணுக்குப் புலப்பட்டிருக்குமா என்பது குறித்து மாற்றுக் கருத்துகள் உள்ளன.

வானியல் கணக்கிற்கு எல்லை உண்டு. நிலவின் நிலையை இக்காலத்தில் துல்லியமாகக் கணிக்கலாம். ஆனால் அந்த மாதத்தில் எருசலேமில் பிறை எந்த மாலையில் காணப்பட்டது, அந்த ஆண்டில் கூடுதல் மாதம் சேர்க்கப்பட்டதா என்பவை மனிதரின் முடிவுகள்; அவற்றைக் கணக்கால் மட்டும் மீட்டெடுக்க இயலாது.

பழங்காலத்தில் மார்ச் 25 என்னும் நாளும் வழங்கி வந்தது. தெர்த்துல்லியன் போன்ற இலத்தீன் எழுத்தாளர்கள் இயேசு அந்நாளில் இறந்தார் எனக் கருதினர். அவர்கள் சுட்டிய கி.பி. 29ஆம் ஆண்டில் மார்ச் 25 வெள்ளிக்கிழமையாகவே இருந்தது. ஆயினும் அது முழுநிலவை ஒட்டி அமையாததால் பாஸ்கா காலத்தோடு பொருந்தவில்லை. மரியாவுக்கு வானதூதர் செய்தி அறிவித்த விழாவும் அதே மார்ச் 25இல் கொண்டாடப்படுகிறது. 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரிய வெள்ளி மார்ச் 25இல் வந்தபோது, அறிவிப்பு விழா வேறு நாளுக்கு மாற்றப்பட்டது.

உயிர்ப்பு நிகழ்ந்த வேளை

இயேசு உயிர்த்தெழுந்த கணத்தை விவிலிய நற்செய்திகளுள் எதுவும் விவரிக்கவில்லை. பெண்கள் கல்லறைக்கு வந்தபோது அது ஏற்கெனவே வெறுமையாக இருந்தது என்பதே அவற்றின் செய்தி. அவர்கள் வந்த வேளையும் ஒரே விதமாகக் கூறப்படவில்லை. யோவானின்படி இன்னும் இருள் நீங்கவில்லை; மாற்கின்படி கதிரவன் எழுந்துவிட்டான்; மத்தேயுவும் லூக்காவும் விடியும் வேளையைக் குறிக்கின்றனர். கல்லறையிலிருந்து இயேசு வெளிவருவதை வருணிக்கும் 'பேதுரு நற்செய்தி' என்னும் நூல் 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. அது விவிலியத்தில் சேர்க்கப்படவில்லை.

இதிலிருந்து நடைமுறைக் கேள்வி ஒன்று எழுந்தது. இயேசுவின் இறப்பை நினைந்து நோன்பிருப்போர் அதனை எந்த மணியில் முடிக்கலாம்? 3ஆம் நூற்றாண்டில் பசிலிதே என்னும் ஆயர் இதனை அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியுவிடம் கேட்டார். சிலர் சேவல் கூவும் வரை காத்திருக்கின்றனர், சிலர் மாலையிலேயே முடித்துவிடுகின்றனர் என்பது அவரது சிக்கல். நற்செய்திகளை ஆராய்ந்து விடையளித்த தியோனீசியு, அவை துல்லியமான மணியைத் தரவில்லை என்று ஒப்புக்கொண்டார். நள்ளிரவுக்கு முன்பே அவசரப்படுவோரை அவர் கடிந்துகொண்டார். நீண்ட நேரம் பொறுத்திருப்போரைப் போற்றினார். எனினும் எல்லோராலும் ஒரே அளவு நோன்பிருக்க இயலாது என்பதையும் ஏற்றுக்கொண்டார்.

விழாவின் நாள் பற்றிய விவாதம்

நினைவுகூர வேண்டியது தேதியையா, கிழமையையா என்பதே 2ஆம் நூற்றாண்டு விவாதத்தின் அடிப்படை. சின்ன ஆசியாவின் திருச்சபைகள், எந்தக் கிழமையானாலும் நிசான் 14 அன்றே பாஸ்காவைக் கொண்டாடின. இம்முறை திருத்தூதர் யோவானிடமிருந்து வந்தது என்று அவை உரிமை கோரின. இவ்வழக்கத்தைப் பின்பற்றியோர் 'பதினான்காம் நாளினர்' எனப்பட்டனர். உரோமையும் பிற பல திருச்சபைகளும் அடுத்து வரும் ஞாயிறன்றே கொண்டாடின.

ஏறத்தாழ கி.பி. 155இல் சிமிர்னாவின் முதிய ஆயர் பொலிக்கார்ப்பு உரோமைக்கு வந்து, ஆயர் அனிசேத்துவுடன் இதுபற்றிப் பேசினார். ஒருவர் மற்றவரை இணங்கவைக்க முடியவில்லை. ஆயினும் அனிசேத்து தம் சபையில் நற்கருணை நிறைவேற்றும் சிறப்பைப் பொலிக்கார்ப்புக்கு அளித்தார். இருவரும் சமாதானமாகப் பிரிந்தனர். ஏறத்தாழ கி.பி. 190இல் உரோமை ஆயர் விக்டர், ஆசியத் திருச்சபைகளை ஒன்றிப்பிலிருந்து விலக்க முற்பட்டார். எபேசு ஆயர் பொலிக்கிராத்து தம் மரபை விட்டுக்கொடுக்க மறுத்தார். லியோன் நகர் ஆயர் இரனேயு, தாம் ஞாயிறு வழக்கத்தைச் சார்ந்தவராக இருந்தும், முன்னோர் காட்டிய பொறுமையை நினைவூட்டி விக்டருக்குக் கடிதம் எழுதினார். நோன்பு முறையில் உள்ள வேறுபாடு நம்பிக்கையில் உள்ள ஒற்றுமைக்குச் சான்று என்பது அவரது வாதம். இச்செய்திகளை வரலாற்றாசிரியர் யூசேபியு பாதுகாத்துள்ளார்.

325இல் கூடிய முதலாம் நிசேயா பொதுச்சங்கம், எல்லாத் திருச்சபைகளும் ஒரே ஞாயிறன்று கொண்டாட வேண்டும் என்றும், யூதர்களின் கணக்கைச் சார்ந்திருத்தல் கூடாது என்றும் முடிவு செய்தது. கணக்கிடும் விரிவான விதியை அச்சங்கம் வகுத்தது எனப் பரவலாகக் கூறப்பட்டாலும், அதன் சட்டங்களில் அத்தகைய விதி இல்லை. மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் திருச்சபைக் கணக்கு முழுநிலவை அடுத்த ஞாயிறு என்னும் விதி, அலெக்சாந்திரியாவின் வழக்கத்திலிருந்து காலப்போக்கில் நிலைபெற்றது. இக்கணக்கிற்கான அட்டவணைகளை 525இல் வகுத்தபோதுதான் தியோனீசியு எக்சிகூஸ், கிறித்து பிறப்பிலிருந்து ஆண்டுகளை எண்ணும் முறையை அறிமுகம் செய்தார். இன்று உலகம் வழங்கும் ஆண்டெண் இவ்வாறு உயிர்ப்பு விழாவின் கணக்கிலிருந்து பிறந்ததாகும்.

பிரித்தானியாவில் வேறொரு பழைய அட்டவணையும் வழங்கியது. நோர்தம்பிரியாவின் அரசர் ஓசுவி உயிர்ப்பு விழாவைக் கொண்டாடும்போது, கென்ட் நாட்டு வழக்கத்தில் வளர்ந்த அவருடைய அரசி இன்னும் நோன்பிருந்து குருத்து ஞாயிறைக் கடைப்பிடித்துக்கொண்டிருப்பதும் உண்டு என்று பீட் எழுதுகிறார். 664இல் கூடிய விட்பி சங்கத்தில் ஓசுவி உரோமை வழக்கத்தை ஏற்றுக்கொண்டார்.

நாட்காட்டிச் சீர்திருத்தமும் இரு நாள்களும்

யூலியன் ஆண்டு உண்மையான பருவ ஆண்டை விட ஏறத்தாழ 11 நிமிடம் நீளமானது. இதனால் 16ஆம் நூற்றாண்டில் இளவேனிற்கால சம இரவு நாள் மார்ச் 21இலிருந்து பத்து நாள் முன்னோக்கி நகர்ந்திருந்தது. இதனைச் சரிசெய்யத் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரெகோரி 1582இல் புதிய நாட்காட்டியை அறிமுகம் செய்தார். அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாளை அடுத்து அக்டோபர் 15ஆம் நாள் வந்தது. இச்சீர்திருத்தத்திற்கு முதன்மைக் காரணம் உயிர்ப்பு விழாவின் நாளே ஆகும்.

கீழை மரபுத் திருச்சபைகள் பெரும்பாலும் இவ்விழாவை யூலியன் கணக்கின்படியே கொண்டாடுகின்றன. பின்லாந்து நாட்டு மரபுவழித் திருச்சபை கிரெகோரியன் நாளைப் பின்பற்றுகிறது. மேலை முறையில் விழா மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை வரலாம். யூலியன் முறையில் வரும் நாள், 1900 முதல் 2099 வரை, கிரெகோரியன் நாட்காட்டியில் ஏப்ரல் 4 முதல் மே 8 வரை அமையும். இரண்டும் ஒரே நாளில் வரலாம். அல்லது ஒன்று, நான்கு, ஐந்து வார இடைவெளியில் வரலாம். 2024இல் மேலை நாள் மார்ச் 31, கீழை நாள் மே 5. 2025இல் இரண்டும் ஏப்ரல் 20இல் ஒன்றாக வந்தன. 2028இல் ஏப்ரல் 16 அன்று மீண்டும் ஒன்றுபடும்.

பொது நாள் தேடும் முயற்சிகள்

பிரித்தானிய நாடாளுமன்றம் 1928இல், ஏப்ரல் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையை அடுத்த ஞாயிறு என்று நாளை நிலைப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963இல், பிற திருச்சபைகளும் இசைந்தால் விழாவைக் குறிப்பிட்ட ஒரு ஞாயிறில் நிலைப்படுத்தத் தனக்கு மறுப்பில்லை என்று அறிவித்தது. 1997இல் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முயற்சியால் சிரியாவின் அலெப்போ நகரில் கூடியோர், நிசேயாவின் கொள்கையைக் கைவிடாமல், எருசலேமின் நெடுங்கோட்டை அடிப்படையாகக் கொண்டு சம இரவு நாளையும் முழுநிலவையும் வானியல்படி கணிக்கலாம் என்று பரிந்துரைத்தனர். இப்பரிந்துரையும் செயலுக்கு வரவில்லை. நிசேயா சங்கத்தின் 1700ஆம் ஆண்டு நிறைவான 2025இல் திருத்தந்தை பிரான்சிசு பொது நாளுக்கான விருப்பத்தை மீண்டும் வெளியிட்டார்.

இது ஆய்வாளர்களுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. இரு மரபினரும் அருகருகே வாழும் சிரியா, லெபனான், எகிப்து போன்ற நாடுகளில், ஒரே தெருவில் ஒரு வீட்டார் உயிர்ப்பைக் கொண்டாடும்போது அடுத்த வீட்டார் தவக்கால நோன்பில் இருக்க நேர்கிறது.

வழிபாட்டில் காலக் குறிப்புகள்

இயேசுவின் இறுதி நாள்களின் காலவரிசையைத் திருச்சபைகள் வழிபாட்டில் மணிக்கணக்காகவே பின்பற்றுகின்றன. கத்தோலிக்கரின் பெரிய வெள்ளி வழிபாடு வழக்கமாகப் பிற்பகல் 3 மணி அளவில் நடைபெறுகிறது. நண்பகல் முதல் 3 மணி வரை இயேசு சிலுவையில் மொழிந்த ஏழு வாக்குகளைத் தியானிக்கும் வழக்கம், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரு நாட்டின் லீமா நகரில் இயேசு சபையினரால் தொடங்கப்பட்டது. பின்னர் அது சீர்திருத்தத் திருச்சபைகளிலும் பரவியது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இவ்வாராதனை நடத்தப்படுகிறது.

உயிர்ப்பின் மணி கூறப்படாததால் அதன் வழிபாடு இரவு முழுவதிலும் இடம் மாறி வந்துள்ளது. பழங்காலத்தில் சனி இரவில் நடந்த பாஸ்கா திருவிழிப்பு, இடைக்காலத்தில் மேலைத் திருச்சபையில் படிப்படியாகச் சனிக்கிழமை காலைக்கே வந்துவிட்டது. இருளில் ஏற்ற வேண்டிய பாஸ்கா மெழுகுதிரி பகல் வெளிச்சத்தில் ஏற்றப்பட்டது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1951இல் சோதனை முறையாகவும், 1955இல் வெளியிட்ட ஆணையால் நிலையாகவும் அதனை மீண்டும் இரவுக்கு மாற்றினார். கீழை மரபினர் நள்ளிரவில் உயிர்ப்பை அறிவிக்கின்றனர். செருமனியின் எர்ன்கூட் என்னும் ஊரில் மொராவியச் சபையினர் 1732இல் கல்லறைத் தோட்டத்தில் விடியற்கால ஆராதனையைத் தொடங்கினர். அதிகாலையில் கூடும் வழக்கம் தமிழ்ச் சீர்திருத்தச் சபைகள் பலவற்றிலும் உண்டு.

தமிழில் இந்நாள்கள் பெரிய வெள்ளி அல்லது புனித வெள்ளி என்றும், உயிர்த்த ஞாயிறு அல்லது உயிர்ப்பு ஞாயிறு என்றும் வழங்குகின்றன. தேதியும் ஆண்டும் விவாதத்திற்கு உரியனவாக நீடித்தாலும், மரபு உறுதியாகக் காத்த கிழமைகளே இவ்விழாக்களின் பெயர்களாக நிலைத்துள்ளன.